கடைசி வண்டி வரும்வரை

ஜனவரி 19, ஞாயிறு

சித்தப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பழைய ரயில் பாதையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் கொடுக்கும் துண்டுத்தாளில் அது அச்சாகுமாம்.

"வீட்டுல நீதான் பண்டிதர். படிச்சவன் உடனே சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பணும், அப்படி எழுது. ஆனா செய்யுள் மாதிரி எழுதிடாத. ஆளுங்க பயந்துடுவாங்க."

கீழே கடை, மேலே வீடு. கடையில் அம்மா சைக்கிள் பழுது பார்க்கிறாள். சித்தப்பாவும் அப்பாவும் குழுக்களைப் பாதையில் அழைத்துப் போவார்கள். 'போவார்கள்' என்று எழுதியது தவறு. போன மழைக்காலத்தோடு அது நின்றுவிட்டது. சித்தப்பா மறுபடி தொடங்கப் பார்க்கிறார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அப்பாகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்பார் சித்தப்பா. நான் உப்பைத் தள்ளுவேன்.

முதல் முயற்சி: 'தண்டவாளத்தை எடுத்துவிட்டு மண்ணிட்டுச் சமன் செய்த பாதை. மோட்டார் வண்டி எதுவும் நுழைய முடியாது. ரயிலுக்காக வெட்டிய வழி என்பதால் ஏற்றம் ஏறுவதே தெரியாது. மூச்சு வாங்க நினைக்கும்போது குன்று முடிந்திருக்கும். ஒரு பக்கம் ஆறு கூடவே வரும்.'

பரவாயில்லை. ஆனால் மதகு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மதகில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே என்ன எழுதுவது?

ஜனவரி 22, புதன்

புவியியல் பாடத்தில் வெள்ளப்பெருக்கு. ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பத்தியை வேகமாகக் கடந்தார். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஜனவரி 25, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் டியூப் வாங்க வந்தார்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பை தொங்கும் பெரிய பயண சைக்கிள்கள். அம்மா பின்கட்டில் ரிம் நிமிர்த்திக்கொண்டிருந்தாள், நான்தான் கடையில். துண்டுத்தாளுக்கு உதவுமே என்று பாதை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சொர்க்கம்மா," என்றார் அவர். "ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. இவ பேசினது மொத்தமும் காதுல விழுந்துச்சு, அது ஒண்ணுதான் கஷ்டம்."

அந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "மதகுகிட்ட ஆள் நிறுத்தியிருக்கீங்களே, நல்ல ஏற்பாடு. இல்லன்னா இவரு ஆத்துப் பக்கமே இறங்கியிருப்பாரு. அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சுடுச்சு. மேட்டுப் பாதையில போங்கன்னு சொல்லிச்சு."

நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை.

"எந்தப் பொண்ணு?"

"உன்னைவிடப் பெரியவ. மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தா. இந்த வெயில்ல எதுக்கும்மா கோட்டுன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ கேட்டுட்டா, நீங்கதான் கடைசி வண்டியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்களுக்குத் தெரியலையேம்மான்னேன். சரி நீங்க போங்க, நான் நிக்கிறேன்னு சொல்லிட்டா. நல்ல பொறுப்பான பொண்ணு."

டியூபுக்குப் பதிலாக பிரேக் கட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே மாற்றி எடுத்துக்கொண்டார். பின்கட்டில் ரிம்மைத் தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அக்காவைப் பற்றி நான் இதுவரை எழுதியதே இல்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் சித்தப்பா. பாதை பிரியும் இடம் வந்தால் அவருக்கு அடுத்து வருகிறவர் இறங்கி அங்கேயே நின்று, பின்னால் வரும் எல்லாருக்கும் கை காட்ட வேண்டும். அதற்கு 'முனை நிற்பது' என்று பெயர். கடைசியாக வருகிறவர் அப்பா. அவர் சைக்கிளின் பின்னால் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவர் வந்து மணியை இரண்டு முறை அடித்து, "கடைசி வண்டி, கிளம்பு" என்று சொல்லும்வரை முனையில் நிற்பவர் நகரக் கூடாது. இப்படிச் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், யாரும் பின்தங்கிப் போகவும் மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அக்காதான் இதைச் சொல்லிக் கொடுப்பாள். "பசிச்சாலும் நகரக்கூடாது. பாம்பு வந்தாலும் நகரக்கூடாது. எங்க சித்தப்பா பாட ஆரம்பிச்சாலும் நகரக்கூடாது."

போன மழைக்காலத்தில் அந்தக் கடைசிப் பயணத்தன்று மேலே குன்றுகளில் மழை. எப்போதும் போகும் ஆற்றோரப் பாதை வேண்டாம் என்று மதகுக்கு வந்த பிறகுதான் சித்தப்பா முடிவு செய்தார். தன் மஞ்சள் மழைக்கோட்டோடு அக்கா இறங்கி முனை நின்றாள். எல்லாரையும் மேட்டுப் பாதையில் திருப்பிவிட்டாள். கடைசியில் வர வேண்டிய அப்பாவை மட்டும் காணோம். பின்னால் ஒருவருக்குச் செயின் அறுந்து, அவருக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. வயலில் இருந்த ஒரு விவசாயி குறுக்கு வழி தெரியும் என்று தன் சைக்கிளில் முன்னால் போக, அப்பா அந்த வழியாகக் காய்ச்சல்காரரைக் கூட்டிக்கொண்டு இரவு தங்குமிடத்துக்கு நேராகப் போய்விட்டார். மதகு வழியாக வரவே இல்லை.

அக்கா போயிருக்கலாம். ஆனால் அவள் போய்விட்டால், விஷயம் தெரியாத அப்பா பழக்கத்தில் ஆற்றுப் பக்கம் இறங்கிவிடுவார். அதனால் நின்றாள். சாயங்காலம் மதகோடு கரை உடைந்துவிட்டது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியும். வேறு எதற்காக அவள் நின்றிருப்பாள்?

என்னை 'பூச்சி' என்று கூப்பிடுவாள். புத்தகப் பூச்சி. அவள் கட்டிலில் இப்போது என் புத்தகங்கள் படுத்திருக்கின்றன.

பிப்ரவரி 1, சனி

நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதகுக்குப் போனேன்.

பழைய ரயில் நிலையம் வழியாகப் பாதை தொடங்குகிறது. பயணிகள் உட்காரும் கல் பெஞ்சு இன்னும் இருக்கிறது, ரயில்தான் இல்லை. அதற்கப்புறம் இரும்புப் பாலம். அப்புறம் வயல்கள், நாணல், ஆறு. குன்றுகள் ரொம்பச் சின்னவை. போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குவதுபோல இருக்கும். சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முன்பெல்லாம் அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது.

மதகைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டு இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

யாரும் இல்லை.

"அக்கா, நான்தான், பூச்சி" என்றேன். நாணல் அசைந்தது. காற்றுதான். கண்ணை மூடிப் பார்த்தேன். திரும்பி நின்று சட்டென்று பார்த்தேன். எனக்கே என்னைப் பார்த்து வெட்கமாக இருந்தது. கடைசியில் மணியை இரண்டு முறை அடித்து, "கடைசி வண்டி, கிளம்பு" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை.

யாரோ தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிவாளாம், எனக்குத் தெரிய மாட்டாளாம். நான் என்னடி பண்ணினேன் உனக்கு?

திரும்பி வரும்போதுதான் புரிந்தது. வழி தெரியாதவர்களுக்குத்தானே முனை நிற்பார்கள். எனக்குத்தான் வழி தெரியுமே.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடையின் பின்கட்டில் கொக்கியில் தொங்கும் அக்காவின் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தேன். செயினில் புது எண்ணெய். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். "நான்தான் போட்டேன்" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "எண்ணெய் இல்லன்னா துருப்பிடிச்சிடும்." ஆற்றில் கிடைத்தபோது அதன் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. இப்போது நேராக இருக்கிறது. எப்போது நிமிர்த்தினாள் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

தெரிந்துவிட்டது. எல்லாருக்கும்.

விடுமுறையில் தனியாகச் சுற்றும் ஒரு நர்ஸ் காற்றடிக்க வந்தார். அப்பா மூலையில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அப்பா சைக்கிள் ஏறுவதில்லை. கடைத்தெருவுக்குக்கூட நடந்துதான் போகிறார். சைக்கிள் கடைக்காரர் நடந்து போவதைத் தெருவே பார்க்கிறது, ஆனால் யாரும் கேலி செய்வதில்லை.

அந்த நர்ஸ் நேராக அப்பாவிடமே பேசினார். "மதகுல நிக்கிற பொண்ணு உங்க ஆளா சார்? காலெல்லாம் ஈரமா நிக்கிறா. நெடுநேரம் ஈரத்துல நின்னா புண் வந்துடும், சொல்லி வைங்க."

அப்பா ஒட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கடைசி வண்டியான்னு கேட்டா. இல்லம்மான்னேன். வேற யாராவது பின்னாடி வந்தாங்களா, சிவப்புத் துணி கட்டின சைக்கிள்னு கேட்டா. பாக்கலைன்னு சொன்னேன். முகம் வாடிப்போச்சு பாவம்."

"எந்தப் பக்கம் கை காட்டினா?" அப்பாவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"மேட்டுப் பக்கம். ஆத்துப் பக்கம் போயிடாதீங்க, எங்க அப்பாவைப் பாத்தாலும் சொல்லுங்கன்னா."

அவர் போன பிறகு அப்பா அந்த டியூபை நீரில் முக்கிப் பார்த்தார். குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ஆனால் கையை வெளியே எடுக்கவே இல்லை.

அம்மா பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போன தடவை வந்தவர்கள் சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் மணியடித்துச் சொல்லிவிட்டு வந்த பிறகும் அக்கா நிற்கிறாள். நான் கடைசி வண்டி இல்லையே. அவளிடம் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு அப்பாவும் சித்தப்பாவும் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொல்வது?

சாப்பாட்டு மேசையில் அப்பாதான் தொடங்கினார். "தங்குற இடத்துல நீ ஏன்டா எண்ணிப் பாக்கலை?"

சித்தப்பா சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "எண்ணினேன்ணா."

"எண்ணியிருந்தா ஒரு தலை குறைஞ்சிருக்குமே."

"குறையலை. சரியா இருந்துச்சு." சித்தப்பாவின் வாய் கோணிக்கொண்டது. "எல்லாரும் மழைக்கோட்டுல, தொப்பியை இழுத்துவிட்டுக்கிட்டு நின்னாங்க. உன்னைக் கூட்டிட்டு வந்த அந்த வயக்காட்டு ஆளு, அவரும் கோட்டு போட்டுக்கிட்டு நடுவுல நின்னுருக்காரு. நான் அவரையும் சேத்து எண்ணிட்டேன். கணக்கு சரியா வந்துச்சு. அடுப்பு மூட்டப் போயிட்டேன்."

அவர் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நீ ஏண்ணா வயல் வழியா வந்தே? வந்தவன் ஒரு வார்த்தை மதகுக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாரும் இருக்காங்கன்னு நீ சொன்னியே. அவ உள்ள இருக்கான்னு நெனச்சேன்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சத்தமே போடவில்லை.

"யாரு தப்புன்னு ரெண்டு பேரும் உக்காந்து நிதானமா தீத்துக்குங்க. அதுவரைக்கும் அவ ஈரத்துல நிக்கட்டும்."

பிப்ரவரி 10, திங்கள்

துண்டுத்தாள்: 'மதகுக்கு அப்பால்' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

நான் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அறைக்குள் வந்தார். உட்கார இடமில்லை. அக்காவின் கட்டிலில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்மேல கோவமா இருக்கும், இல்ல?"

"கோவம் வந்தா அவ வீட்டுக்கு வந்து கத்துவாப்பா. வாசல்லயே ஆரம்பிப்பா, உங்களுக்குத் தெரியாதா? அவ கோவத்துல நிக்கலை. வேலையில நிக்கிறா."

அப்பா தலையை ஆட்டினார். "நான் போய் நின்னா எனக்குத் தெரிவாளா?" என்றார்.

"தெரிய மாட்டாப்பா. எனக்கும் தெரியலை. நமக்கு வழி தெரியுமே."

பொய் சொல்லியிருக்கலாம். தெரிவாள், போய்ப் பாருங்கள் என்று சொன்னால் உடனே கிளம்பியிருப்பார். ஆனால் அங்கே போய் அவர் வெறும் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

"தெரியலைன்னாலும் சொல்லணும்ப்பா. நீங்கதானே சொல்லணும்."

அப்பா எழுந்தார். புத்தகங்களை மறுபடி கட்டிலில் வைக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் கீழே இறங்கினால் கடைக் கதவு பாதி திறந்திருக்கிறது. அப்பா தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா எங்கிருந்தோ சிவப்புத் துணியை எடுத்து வந்தாள். துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அவளே பின்னால் கட்டினாள், இரண்டு முடிச்சு.

பிறகு கொக்கியிலிருந்து அக்காவின் சைக்கிளை இறக்கினாள்.

"இது எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"திரும்பி வரதுக்கு நடந்தா வருவா?" என்றாள் அம்மா.

சைக்கிள் கடைக்காரர்களுக்கு மட்டும் கைவரும் ஒரு வித்தை உண்டு. ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் இன்னொன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போவது. அப்பா இத்தனை மாதம் ஏறாதவர். தெருமுனைவரை தள்ளாடினார், பிறகு சரியாகிவிட்டது. சித்தப்பா முன்னால், அடுத்து நான், அப்புறம் அம்மா. அம்மா எங்களோடு பாதைக்கு வந்து எவ்வளவோ நாளாகிறது. கடைசியில் இரண்டு சைக்கிளோடு அப்பா. குழுவில் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சக்கரம் கோணும். அதனால் நான் காதால்தான் பார்த்தேன். பின்னால் அப்பாவின் மூச்சு வாங்கியது. ஏற்றமே தெரியாத பாதை என்று எழுதினேனே, ஒரு கையால் இன்னொன்றை இழுப்பவருக்குத் தெரியும்.

மதகு வந்தது. சித்தப்பா மேட்டுப் பக்கம் திரும்பினார். அவருக்கு அடுத்து நான். முறைப்படி நான்தான் முனை நிற்க வேண்டும். இறங்கினேன். அம்மாவுக்குக் கை காட்டினேன், கடந்து போய்ச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வெயில்தான். ஆனால் தரையில், எனக்கு ஒரு முழம் தள்ளி, புது சிமெண்டில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரமாக இருந்தது. பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா வந்து நின்றார். மணியில் விரல் வைத்தார். அடிக்கவில்லை. ஆறு போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா," என்றேன்.

இரண்டு முறை அடித்தார்.

"கடைசி வண்டி வந்துடுச்சும்மா," என்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தார். "நான்தான் கடைசி. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல. எல்லாரும் பத்திரமா போயாச்சு. நேரமாக்கிட்டேன். கிளம்பு."

சித்தப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு குன்றையே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அம்மா அழவில்லை. "போலாம், வா" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

மேட்டுப் பாதை வழியாகவே சுற்றி வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் எனக்குப் பின்னால் சக்கரங்களின் டிக் டிக் சத்தம். எத்தனை சக்கரம் என்று எண்ணவில்லை. இந்த வீட்டில் இனி எண்ணிக்கையை நம்புகிறவர் யார்?

கடை வாசலில் அம்மா அக்காவின் சைக்கிளை அப்பாவிடமிருந்து வாங்கினாள். "கை வலிக்குதா?"

"போகும்போது வலிச்சுது," என்றார் அப்பா. கையை விரித்துப் பார்த்தார். "வரும்போது கனமே தெரியலை."

அம்மா சைக்கிளைத் துடைத்தாள். கொக்கியில் மாட்டவில்லை. கதவோரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

அப்பா கடைத்தெருவுக்கு சைக்கிளில் போனார். "உப்பைத் தள்ளுடா" என்று சித்தப்பாவிடம் நேராகவே சொன்னார். என் தபால் உத்தியோகம் போய்விட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்த வாரம் பயணிகள் யாரும் வரவில்லை. கடை வாசலில் ஒரு மணி கேட்டாலும் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்கிறோம்.

அவள் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தால்?

மார்ச் 8, சனி

இன்றைக்கு வந்தார்கள். ஒரு அக்காவும் தங்கையும். இருவருக்கும் முழங்கால்வரை சேறு, சைக்கிள்களில் நாணல் துண்டு. கடைக்குள் நுழையும்போதே சண்டை.

"நான் மேட்டுப் பக்கம்னு சொன்னேன். இவதான் ஆறு அழகா இருக்குன்னு கீழ இறக்கினா."

"நீ எங்க சொன்னே? வாயைத் திறந்தியா? இப்ப வந்து சொல்றா."

பெரியவள் எங்களிடம் திரும்பினாள். "பாதை நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அந்த மதகுகிட்ட ரெண்டாப் பிரியுதே, எது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்? சேத்துல மாட்டி, சைக்கிளைத் தூக்கிட்டு வந்தோம். ஒரு ஆளையாவது நிறுத்தக் கூடாதா?"

அம்மாதான் கேட்டாள். "அங்க யாருமே இல்லையா?"

"ஒரு ஈ காக்கா இல்லைங்க."

"மஞ்சள் கோட்டு போட்டு... நல்லாப் பாத்தீங்களா?"

"வழி கேக்க ஆள் கிடைக்காதான்னு எவ்வளவு நேரம் நின்னோம் தெரியுமா? கூப்பிட்டுக்கூடப் பாத்தோம். ஒருத்தரும் இல்ல."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பழுது பார்க்கும் கை, அதனால் நெற்றியில் கிரீஸ் அப்பிக்கொண்டது. அந்த இரண்டு பெண்களும் பயந்து போனார்கள். சின்னவள், "நாங்க குறை சொல்லணும்னு சொல்லலைங்க" என்றாள்.

"இல்லம்மா, சொல்லுங்க," என்றார் அப்பா. "தப்பு எங்க மேலதான். நாங்கதான் ஏற்பாடு பண்ணியிருக்கணும்." அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து நீர் வழிய வழிய. சித்தப்பா ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, அவர்கள் கேட்காமலேயே இரண்டு சைக்கிளையும் கழுவ ஆரம்பித்தார். பாடிக்கொண்டே கழுவினார். அவர்கள் நகராமல் நின்றார்கள், அதுவே பெரிய விஷயம்.

கிளம்பும்போது பெரியவள், "நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்" என்றாள். தங்கை முறைத்துக்கொண்டே முன்னால் போனாள்.

சாயங்காலம் அப்பா ஒரு பலகை அறுத்தார். அம்மா வெள்ளைச் சாயம் பூசினாள். என்ன எழுதுவது என்று பண்டிதரிடம் கேட்டார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேட்டுப் பாதையில் போங்கள். அவ்வளவுதான். அவள் சொன்னது அதுதானே.

இப்போதுதான் துண்டுத்தாளை முடித்தேன். சித்தப்பா விளக்கடியில் நின்று படித்தார். எதையும் அடிக்கவில்லை. கடைசி வரிகளை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன்:

'மதகில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். பலகையைப் பார்த்து மேட்டுப் பக்கம் திரும்புங்கள்.'